வாடகைக்கு ஓடிய வண்டியை வாங்குதல்: புல்மோட்டை வாசகருக்கு

புல்மோட்டையில் சொந்த வாகனம் ஆடம்பரப் பொருள் அல்ல. திருகோணமலை நகரம் கரையோர வீதியால் ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியும் மாவட்டச் செயலகமும் அங்கேதான். நடு இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி தாண்டிக் கொண்டுபோக வேண்டிய குடும்பம் பஸ்ஸை நம்பியிருக்க முடியாது. ஒரு காலத்தில் இதே வீதியில் ஆறும் களப்பும் குறுக்கிடும் இடங்களில் மிதவைப் பாதைக்காகக் காத்துக் கிடந்தார்கள். பாலங்கள் வந்த பிறகு வாகனம் வாங்கும் ஆசை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

ஆசைக்கு ஏற்ற அளவில் வாகனங்கள் வரவில்லை. 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்கள் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. விலை ஏறியது. மற்றக் காலமாக இருந்தால் ஓய்வுக்குப் போயிருக்கும் வண்டிகள் தொடர்ந்து ஹயருக்குப் போயின. லீசிங் கட்ட முடியாமல் வீட்டுக் காரையே வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. அதனால் இன்று சந்தையில் நிற்கும் 2012 முதல் 2019 வரையான ஒரு வேகன் ஆரையோ ஆல்ட்டோவையோ அக்குவாவையோ பார்க்கும்போது, இது எப்போதாவது வாடகைக்கு ஓடியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குவது நல்லது. ஓடவில்லை என்பதை விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

வாடகைக்கு ஓடிய வண்டி என்றவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. உலகத்தின் பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள் தங்கள் பழைய கார்களைச் சாதாரண மக்களுக்கு விற்றுத்தான் புதியவற்றை வாங்குகின்றன. சிக்காகோவில் 1918இல் ஒரு டசின் ஃபோர்ட் மொடல் ரீ கார்களோடு தொடங்கிய தொழில்தான் பிற்காலத்தில் ஹேர்ட்ஸ் ஆனது. அந்த நிறுவனம் 2020 மே மாதம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியபோது பெருந்தொகையான கார்களைச் சந்தையில் இறக்கியது. அமெரிக்காவில் அவற்றைத் தேடி வாங்கியவர்கள் ஏராளம். காரணம் எளியது. ஒழுங்கான நிறுவனம் ஒயில் மாற்றிய நாளையும் ரயர் மாற்றிய நாளையும் எழுதி வைக்கிறது. வாடகைக்கு ஓடிய சரித்திரம் திறந்து கிடக்கும் கார், எந்தச் சரித்திரமும் இல்லாத 'ஒரே ஆள் ஓடின' காரைவிட நம்பத்தக்கது.

ஆபத்து ஒளிப்பில் இருக்கிறது. "ஹயருக்குப் போனதே இல்ல நானா, டீச்சர் ஒராள் ஸ்கூலுக்கு மட்டும் ஓடின வண்டி" என்று புரோக்கர் சொல்லும் வசனத்தைக் கேட்காதவர் இந்தக் கரையில் இல்லை. டீச்சர் ஓடியிருக்கலாம். டீச்சருக்கு முன் யார் ஓடினார் என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இலக்கத் தகடே பதில் சொல்லிவிடும். ஓட்டுநரோடு ஓடும் வாடகைக் காருக்கு மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்லும் காருக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. ஜப்பானில் வாடகைக் காரின் தகட்டில் பெரும்பாலும் 'வ' என்று ஒலிக்கும் ஜப்பானிய எழுத்து ஒன்று இருக்கும். இலங்கையில் அப்படி எதுவும் இல்லை. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். டாக்டரின் காருக்கும் ரென்ட் எ கார் வண்டிக்கும் ஒரே தகடுதான். 2023 முதல் புதிதாகப் பதியும் வாகனங்களில் மாகாண எழுத்தையும் எடுத்துவிட்டார்கள். எனவே தகட்டைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. வேறு நான்கு இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது பதிவுச் சான்றிதழ், ஊர் வழக்கில் புத்தகம். முந்தைய உரிமையாளர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஒரு தனியார் கம்பனியின் பெயரோ சுற்றுலா நிறுவனம் ஒன்றின் பெயரோ அங்கே இருந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது. இரண்டாவது காப்புறுதிச் சான்றிதழ். பெரும்பாலானோர் அதன் திகதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். பாவனை பற்றிய வரி ஒன்று அதில் இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு மட்டுமா, வாடகைக்கும் சேர்த்தா என்று அது சொல்லும். கடந்த வருடங்களின் பழைய சான்றிதழ்களையும் விற்பவரிடம் கேட்க வேண்டும். சில வண்டிகள் சொந்தப் பாவனைக் காப்புறுதியோடு வாடகைக்கு ஓடியிருக்கும். அப்படி ஓடி விபத்துக்குள்ளானால் நட்டஈடு கேட்க வழியில்லை என்பதால், அவற்றை மலிவான தகர வேலையோடு முடித்துச் சாயம் பூசியிருப்பார்கள். அந்த வண்டிகளைத்தான் மிக உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வண்டியின் உடம்பு. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் நிழல், கூரையில் பெயர்ப்பலகை பூட்டிய துளை, ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றிய பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் வயர், ஒரே இடத்தில் தேய்ந்த ஃபோன் ஸ்டாண்ட் தழும்பு. பிக்மீ 2015இல் கொழும்பில் தொடங்கியது, ஊபரும் அதே வருடம் வந்தது. அந்தச் செயலிகளில் ஓடிய சிறு கார்கள் பல இப்போது வடக்கு கிழக்குக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நான்காவதைப் பலர் நினைப்பதே இல்லை. 'ஜப்பானில் இருந்து நேரே வந்த' ரீகண்டிஷன் கார் அங்கே வாடகைக்கு ஓடியிருக்கலாம். ஜப்பானில் பாவித்த கார்கள் ஏலத்தில்தான் பெரும்பாலும் விலைபோகின்றன. ஒவ்வொரு காருக்கும் ஒக்‌ஷன் ஷீட் என்ற ஒற்றைத் தாள் உண்டு. அதில் காரின் முன் சரித்திரத்துக்கு ஒரு கட்டம் இருக்கும்: சொந்தப் பாவனை, வாடகை, வியாபாரம் என்று. தரப் புள்ளி, கீறல்களின் வரைபடம், கிலோமீற்றர் எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். தரப் புள்ளிக்கு இலக்கம் இல்லாமல் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய வண்டி. ஒகினாவா போன்ற சுற்றுலாத் தீவுகளில் வாடகைக்கு ஓடிய காரென்றால் கடல் உப்பை அது இங்கே வருவதற்கு முன்பே குடித்திருக்கும். இறக்குமதியாளரிடமோ முதல் உரிமையாளரிடமோ இந்தத் தாளை வற்புறுத்திக் கேட்க வேண்டும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் தாளைப் படம் பிடித்து செசி இலக்கத்தோடு ஒப்பிட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பது பெரிய செலவல்ல.

சரித்திரம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்த வகை வாடகை என்பது அடுத்த கேள்வி, வண்டியின் நோய் அதைப் பொறுத்தது.

இந்தக் கரையில் அடிக்கடி விலைக்கு வருவது விமான நிலைய வான். புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்தில் இருந்து மத்திய கிழக்குக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் கட்டுநாயக்கவுக்கு ஏற்றி இறக்கியது. போக வர 500 கிலோமீற்றருக்கு மேல். மாதத்துக்குப் பத்து ஓட்டம் என்றாலே 5,000 கிலோமீற்றர், வருடத்துக்கு 60,000. ஐந்து வருடம் அப்படி ஓடிய கே.டி.எச். வானின் மீற்றர் 1,10,000 காட்டினால் கணக்கு எங்கோ இடிக்கிறது. இந்த வான்களில் எஞ்சின் பெரும்பாலும் நீண்ட தூரம் ஒரே சீராக ஓடியிருக்கும், அது எஞ்சினுக்கு நல்லதே. கெட்டுப்போவது மற்றவை. கூரையில் பெட்டிகளை ஏற்றி ஏற்றிக் கரியரின் அடி பூட்டிய இடங்களில் துரு பிடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். பக்கக் கதவின் உருளை தேய்ந்து, மூடும்போது கடைசி இரண்டு அங்குலத்தில் தூக்கிவிட வேண்டியிருக்கும். பின் ஏ.சி. வாய்களில் காற்று மட்டும் வரும், குளிர் வராது. டீசல் எஞ்சின் என்றால் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் விலை பேசவே கூடாது. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பொனட்டில் கை வைத்தாலே தெரியும். அன்றைக்குத் திரும்பிவிட்டு மறுநாள் சுபஹுக்குப் பிறகு சொல்லாமல் போவதே சரி. ஆசனங்களின் எண்ணிக்கையையும் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். ஹயருக்காகக் கூடுதல் ஆசனம் பூட்டிய வான்கள் உண்டு.

அடுத்தது நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் வட்டாரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்ட கார். கிழக்கின் சுற்றுலாக் காலம் சுமாராக மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் தினம் ஒரு கை ஓட்டும். வீதியும் தெரியாது, வண்டியும் பழக்கமில்லை. வடகீழ்ப் பருவ மழை தொடங்கியதும் வண்டி கடற்கரை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே நிற்கும். ஓடாமல் நிற்கும் அந்த மாதங்கள்தான் இந்தக் கார்களைத் தின்கின்றன. தார்ப்பாய்க்கு உள்ளே ஈரம் அடைபடும், பற்றரி இறந்துபோகும், பிரேக் டிஸ்க்கில் துரு படியும், ரயர் ஒரே இடத்தில் பாரத்தைத் தாங்கி உருக்குலையும்.

மூன்றாவது, கொழும்பு நிறுவனங்களில் ஓடி முடித்துத் தென்பகுதி வாகனச் சந்தை வழியாக இங்கே வரும் சிறு கார்கள். நகர நெரிசலில் நின்று நின்று ஓடியவை. மீற்றரில் கிலோமீற்றர் குறைவாக இருந்தாலும் எஞ்சின் ஓடிய மணித்தியாலம் கூடுதல். கிளட்ச், பிரேக், ஓட்டுநர் பக்கக் கதவின் பிணைச்சல், ஓட்டுநர் ஆசனத்தின் வலப்பக்க விளிம்பு ஆகியவை பொய் சொல்லா. 60,000 கிலோமீற்றர் காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுத்திருந்தால், அல்லது மற்றெல்லாம் பழசாக இருக்க அந்த ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

உப்பைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். புல்மோட்டையில் வண்டி வாங்கும் விடயத்தில் எஞ்சினைவிட அடித்தளமே முக்கியம். எஞ்சினைத் திருகோணமலையில் பிரித்துப் பூட்டிவிடலாம். அரித்துப்போன செசியை யாராலும் புதுப்பிக்க முடியாது. காரை லிப்டில் ஏற்றிப் பார்க்கக்கூடிய கராச்சுக்கோ, குறைந்தது சேர்விஸ் ஸ்டேஷன் குழிக்கோ கொண்டுபோக வேண்டும். பார்க்க வேண்டியவை: முன் சில்லுகளுக்கு இடையில் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் அச்சு உடலோடு சேரும் இடங்கள், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் விளிம்பு, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பிரேக் குழாய்கள். மேலோட்டமான செம்பழுப்புத் துரு பயப்படத் தக்கதல்ல. சிறு சுத்தியலால் தட்டும்போது படலம் படலமாக உரிந்து விழுந்தாலோ, கணீரென்ற ஓசைக்குப் பதில் மந்தமான ஓசை வந்தாலோ அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும். அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் கூடுதல் கவனம். நல்ல உரிமையாளரும் அதை அடிப்பார், துருவை மறைக்க நினைப்பவரும் அதையே அடிப்பார். எப்போது, எங்கே அடித்தது என்று கேட்டால் வித்தியாசம் தெரியும்.

மணல் இன்னொரு தனிக் கதை. இந்த ஊரின் கரையில் கிடப்பது வெறும் மணல் அல்ல. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் கலந்த கனிய மணல். 1957இல் அமைந்த அரச கூட்டுத்தாபனம் ஒன்று அதைத் தோண்டி எடுத்து வந்தது, இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனம் அதைச் செய்கிறது. இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டேனியம் டைஒக்சைட்தான் உலகத்தின் வெள்ளைச் சாயங்களுக்கு வெண்மை கொடுக்கிறது. கரையில் நிற்கும் வெள்ளைக் காரின் சாயத்துக்குள்ளேயே இந்த ஊர் மணலின் உறவுக்காரப் பொருள் இருக்கிறது என்று சொல்லலாம். வாங்குபவர் இந்த மணலைப் பற்றி ஒரு நடைமுறை விடயத்தை அறிந்திருக்க வேண்டும். தகரத்துக்கு மேல் பட்டி பூசி மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி உடலெங்கும் நகர்த்துவது பழைய வழி. பட்டி தடித்திருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. ஆனால் புல்மோட்டை மணலில் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்களும் உண்டு. காரைக் கழுவாமல் காந்தத்தை இழுத்தால் அந்தத் துகள்கள் சாயத்தை வரிவரியாகக் கீறிவிடும், பிறகு விற்பவரோடு வேறு வகைப் பேச்சு நடக்கும். முதலில் கழுவட்டும், பிறகு காந்தம். பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியப் பகுதிகளிலும் காந்தம் இயல்பாகவே பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

கடற்கரைக் காரின் மணல் ஹைபிரிட் வண்டிகளில் வேறொரு வேலை செய்யும். பிரியஸ், அக்குவா போன்றவற்றின் பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின் ஆசனத்தின் அருகே இருக்கும் ஒரு சிறு வலை வாயில் வழியாக உள்ளே போகிறது. கடலில் குளித்து வந்த பயணிகள் ஈரத் துவாயை அங்கே எறிவார்கள், காலில் ஒட்டிய மணல் அங்கே சேரும். வாயில் அடைத்தால் பற்றரி சூடாகும், சூட்டில் அதன் ஆயுள் குறையும். அந்த வலையைக் கழற்றி விரலை விட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பிறகு ஸ்கேனர் வைத்திருக்கும் கராச் ஒன்றில் பற்றரியின் அறைகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு அறைகள் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால் பற்றரிச் செலவு நெருங்கிவிட்டது. அந்தத் தொகையை விலையில் இருந்து கழித்துத்தான் பேச வேண்டும்.

வெள்ளம் பார்த்த வண்டிகளும் சந்தையில் உண்டு. 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொழும்பைச் சுற்றி ஏராளமான வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளம் நாட்டின் பல மாவட்டங்களை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட வண்டி நன்றாகக் காயவைத்து, வாசனை அடித்து, தூரத்து ஊருக்கு விலைக்கு வருவது வழக்கம். ஆசனப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கறை தெரியும். ஆசனத்துக்கு அடியில் உள்ள ஆணிகள், ஸ்பெயார் ரயர் கிடக்கும் குழி, கம்பளத்துக்குக் கீழே உள்ள நுரைப் பஞ்சு, முன் விளக்கின் உட்புறம் ஆகிய இடங்களை யாரும் முழுமையாகக் கழுவுவதில்லை.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விடயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஜப்பானின் டகாடா நிறுவனம் செய்த ஏர்பேக் ஊதிகள் உலகின் மிகப் பெரிய திருத்த அழைப்புக்குக் காரணமாயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 67 மில்லியன் ஊதிகள் அதில் அடங்கின. அவற்றில் இருந்த அமோனியம் நைத்திரேற்று நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்தால் சிதைந்துவிடும். பிறகு சிறு மோதலிலும் ஊதி வெடித்து உலோகத் துண்டுகளை ஓட்டுநரின் முகத்துக்கும் கழுத்துக்கும் எறியும். பலர் இறந்திருக்கிறார்கள். வெப்பமும் ஈரப்பதமும் எந்தக் கரையில் அதிகம் என்று புல்மோட்டைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விட்ஸ், கொரோலா, ஹொண்டா ஃபிட் என்று இங்கே பழக்கமான பல மொடல்களின் குறிப்பிட்ட வருட வண்டிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. செசி இலக்கத்தை டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா, ஹொண்டாவுக்கு ஸ்டாஃபோர்ட் என்று அந்தந்த முகவரிடம் கொடுத்து, திருத்தம் ஆகிவிட்டதா என்று எழுத்தில் கேட்பது வாங்குபவரின் கடமை. வாடகை வண்டிகளில் இத்தகைய அழைப்பை உரிமையாளர் தள்ளிப்போடும் வாய்ப்புக் கூடுதல், வண்டி கராச்சில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். கலிபோர்னியாவில் 2004இல் திருத்த அழைப்பு வந்தும் திருத்தாத வாடகைக் கார் தீப்பிடித்து இரண்டு சகோதரிகள் இறந்தார்கள். அவர்களின் தாய் பல வருடம் போராடியதன் பயனாக, திருத்தாத காரை வாடகைக்கு விடக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 2015இல் நிறைவேறியது.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஊருக்குள் ஒரு சுற்று போதாது. கரையோர வீதியில் குச்சவெளிப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும், பிறகு பதவியா வீதியில் உள்நாட்டுப் பக்கம் கொஞ்சம். ரேடியோவையும் ஏ.சி.யையும் முதல் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் சில்லுகளின் ஓசை கேட்கும். ஒட்டோ கியர் வண்டி என்றால் நிறுத்திய நிலையில் இருந்து மெல்லப் புறப்படும்போது உதறுகிறதா, பின்னோக்கிப் போடும்போது தாமதித்து இடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கியர்பொக்ஸ் ஒயில் மாற்றுவதை வாடகைக்கு விடுபவர்கள் பலர் மறந்துவிடுவார்கள். பிறகு ஏ.சி.யைப் போட்டு நண்பகல் வெயிலில் கால் மணித்தியாலம் நிறுத்தி வைத்து, வெப்ப முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் நம்பத் தகுந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூடவே அழைத்துப் போவது நல்லது. அந்தக் கூலியை வாங்குபவரே கொடுக்க வேண்டும், புரோக்கர் கொடுக்கக் கூடாது.

வண்டி சரி என்றால் காகிதம். இங்கேதான் அதிகப் பணம் தொலைகிறது.

வாடகைக்கு எடுத்த காரை அடகு வைப்பதும், போலிப் புத்தகம் செய்து விற்பதும் இலங்கையில் பொலிசார் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் மோசடி. உண்மையான உரிமையாளர் முறைப்பாடு செய்தால் வண்டி பொலிஸ் நிலையத்துக்குப் போகும், கொடுத்த காசு கொடுத்ததுதான். ஆகவே புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 'மச்சானின் வண்டி', 'வெளிநாட்டில் இருக்கிறார்' என்றால் முறையான அற்றோர்னித் தத்துவம் வேண்டும். கம்பனியின் பெயரில் இருந்தால் கம்பனியின் கடிதமும் முத்திரையும், கையெழுத்திடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதற்கான சான்றும் வேண்டும். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் தானே வாசித்து ஒப்பிட வேண்டும். விற்பவர் அனுப்பிய படம் போதாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விவரத்தைச் சரிபார்க்கலாம்.

புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற கட்டத்தில் வங்கியின் பெயரோ லீசிங் கம்பனியின் பெயரோ இருந்தால் கடன் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயர் நீக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி தவணை தவறினால் வண்டியைத் திரும்ப எடுக்கும் உரிமை அந்தக் கம்பனிக்கு உண்டு. "மிச்சத் தவணையை நீங்க கட்டிக்கொண்டு போங்க" என்ற வாய்ப்பேச்சு ஏற்பாட்டில் இறங்கிய பலர் கடைசித் தவணை கட்டிய பிறகும் வண்டியைத் தங்கள் பெயருக்கு மாற்ற முடியாமல் அலைகிறார்கள். சரியான வழி, விற்பவரோடு லீசிங் கிளைக்கே போய், மிச்சத் தொகையை அங்கே நேரே கட்டி, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்குவது.

ஓப்பன் பேப்பர் கொடுக்கல் வாங்கல் இந்தப் பக்கத்தில் மிகச் சாதாரணம். விற்பவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுப்பார், அந்தப் படிவத்தோடு வண்டி மூன்று நான்கு கை மாறும். வாடகைக்கு விடுபவர்களுக்கு இது வசதி, இடையில் வைத்திருந்தவர்களின் பெயர் புத்தகத்தில் ஏறவே ஏறாது. வாங்குபவருக்கு இது பொறி. முதல் கையெழுத்து வைத்தவர் இறந்துவிட்டால், அல்லது ஊரை விட்டுப் போய்விட்டால், படிவம் செல்லாக் காகிதம். சட்டம் தெளிவாக இருக்கிறது. வண்டி கைமாறி 14 நாட்களுக்குள் மாற்றத்தைப் பதிய வேண்டும். புதியவர் எம்.டி.ஏ. 6 படிவத்தையும் பழையவர் எம்.டி.ஏ. 8 படிவத்தையும் கொடுக்க வேண்டும். நடப்பு வருடத்தின் வரிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் உயிரோடு இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, இந்த வண்டி இனிச் சொந்தப் பாவனைக்கு மட்டுமே என்று தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும். மாறாக, இடைக்கிடை ஹயருக்கு விடும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விலையைப் பற்றி. ஒரே மொடல், ஒரே வருடம், ஒரே கிலோமீற்றர் உள்ள குடும்ப வண்டியைவிட வாடகை வண்டி குறைந்த விலைக்குத்தான் போக வேண்டும். அதே விலையைக் கேட்கிறவரிடம் அதற்கு ஏற்ற சேர்விஸ் பதிவுகள் இருக்க வேண்டும். பேரம் பேசச் சிறந்த காலம் ஒக்டோபரும் நவம்பர் தொடக்கமும். சுற்றுலாக் காலம் முடிந்து, மழைக் காலம் முழுவதும் சும்மா நிற்கப்போகும் வண்டிக்குத் தவணை கட்ட வேண்டிய உரிமையாளர் அப்போது இறங்கிப் பேசுவார். ஏப்ரலில் அவரே இறுக்கமாக நிற்பார். பேரத்தில் 'வண்டி சரியில்லை' என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. பற்றரிக்கு இவ்வளவு, நான்கு ரயருக்கு இவ்வளவு, பின் ஏ.சி.க்கு இவ்வளவு என்று கராச்சில் எழுதி வாங்கிய காகிதத்தை மேசையில் வைத்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அதில் வாகன இலக்கமும், புத்தகம் மாறாவிட்டால் பணம் திரும்பும் என்ற வரியும் இருக்க வேண்டும்.

செசி அரித்தது, வெள்ளம் பார்த்தது, ஓப்பன் பேப்பரில் வருவது ஆகிய மூன்று வகை வண்டியும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நீண்ட தூரம் ஓடி, சேர்விஸ் பதிவோடு வரும் விமான நிலைய வானை, பெரிய குடும்பம் என்றால், தைரியமாக வாங்கலாம். கொழும்பு நிறுவனத்தின் சிறு காரும் பதிவுகள் இருந்தால் நல்ல கொள்வனவே. கடற்கரை வாடகைக் காரை மட்டும் அடித்தளத்தைக் கண்ணால் பார்த்த பிறகே தொட வேண்டும்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே எஞ்சின் ஒயில், கியர்பொக்ஸ் ஒயில், பிரேக் ஒயில், கூலன்ட் நான்கையும் மாற்றிவிடுங்கள். பழையவர் எப்போது மாற்றினார் என்று சொன்னாலும் மாற்றுங்கள். அடித்தளத்தை நல்ல தண்ணீரால் அழுத்திக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். கடற்காற்று நேரே படாத பக்கத்தில், கூரைக்குக் கீழே, மூடாமல் நிறுத்துங்கள். கடைசியாக ஒரு வேண்டுகோள்: புத்தகம் உங்கள் பெயருக்கு மாறிக் கைக்கு வரும்வரை விலையில் ஒரு பங்கைக் கையிலேயே வைத்திருங்கள், உடன்பாட்டில் அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.